வெனிஸில் ஓர் இரவு தங்க வையுங்கள்

ஐரோப்பாவுக்குக் குழுச் சுற்றுலா அழைத்துச் செல்லும் தமிழ்நாட்டு நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

உங்கள் பயணத் திட்டம் எதை எடுத்தாலும் வெனிஸ் முதல் பக்கத்தில் இருக்கிறது. கறுப்புப் படகு, பின்னால் மணிக்கூண்டு, சுற்றிலும் தண்ணீர். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்தவர்களும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தைத் தொடாமல் வைத்திருந்தவர்களும் உங்களிடம் வந்து பணம் கட்டுகிறார்கள். சென்ற கோடையில் அம்மாவை அழைத்துக்கொண்டு அப்படி ஒரு குழுவில் நானும் போனேன். வெனிஸுக்கு எங்களுக்குக் கிடைத்தது அரை நாள்கூட இல்லை.

உங்கள் வேலை எளிதானது என்று நான் நினைக்கவில்லை. விசா நேர்காணலிலிருந்து இரவு மாத்திரைக்கு வெந்நீர் வரை பார்த்துப் பார்த்துச் செய்கிறீர்கள். வெளிநாட்டில் தனியாக ஒரு டிக்கெட் வாங்கத் தயங்கும் பெரியவர்கள் உங்களை நம்பித்தான் விமானம் ஏறுகிறார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை என்பதால்தான் உங்களிடமே உரிமையோடு கேட்கிறேன்.

எங்களைத் தங்க வைத்தது பதுவா நகருக்குப் பக்கத்தில். காலையில் பஸ் புறப்பட்டு, சுற்றுலா வண்டிகள் நிற்கும் ட்ரோன்கெட்டோவில் இறக்கிவிட்டது. அங்கிருந்து படகில் சான் மார்க்கோ கரை. வெனிஸை ஆண்ட டோஜ்களின் அரண்மனையை வெளியிலிருந்து காட்டினார்கள். அரண்மனையையும் சிறையையும் இணைக்கும் பெருமூச்சுப் பாலத்தைக் கூட்டத்தின் தோள்களுக்கு மேலாகப் பார்த்தோம். சான் மார்க்கோ பசிலிக்கா என்ற பெரிய தேவாலயத்துக்குள் போகவில்லை, வரிசை நீளம் என்றார்கள். முன்பதிவு செய்தால் குறித்த நேரத்தில் உள்ளே போகலாம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அடுத்து கண்ணாடிப் பட்டறை. உலையிலிருந்து எடுத்த கம்பியின் நுனியில் கண்ணாடி தேன்பாகு போலத் தொங்குகிறது. கலைஞர் இடுக்கியால் ஒரு கிள்ளு கிள்ளி இழுக்கிறார், முன்னங்கால் வருகிறது. இன்னொரு இழுப்பு, பிடரி மயிர். கழுத்தை வளைத்து மேடையில் வைத்தால் குதிரை நிற்கிறது. அம்மா கை தட்டினார். நகரம் தீப்பிடித்துவிடும் என்று அஞ்சி 1291இல் உலைகளை முரானோ தீவுக்கு மாற்றிய கதையை அப்போது யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அடுத்த நிமிடமே விற்பனைக் கூடத்தின் கதவு திறந்தது. பசிலிக்காவுக்கு இல்லாத நேரம் அந்தக் கூடத்துக்கு இருந்தது. இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்களோடு வந்திருந்தார். படகில் ஏறியதிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான்: சேற்றின் மேல் இவ்வளவு கனமான கட்டடங்கள் எப்படி நிற்கின்றன? பதில் அருமையானது. மரக் கம்பங்களை நெருக்கமாகக் காயலின் சேற்றில் அடித்து இறக்கி, அதன் மேல் பலகை, அதன் மேல் உப்புநீர் எளிதில் அரிக்காத இஸ்திரியக் கல் என்ற சுண்ணாம்புக் கல். சேற்றுக்குள் காற்றுப் புகாததால் மரம் எளிதில் மக்குவதில்லை. 1591இல் கட்டி முடித்த ரியால்டோ பாலமும் அப்படித்தான் நிற்கிறது. எங்கள் வழிகாட்டி இதைச் சொல்வதற்குள் அடுத்த குழு நெருக்கிக்கொண்டு வந்துவிட்டது.

அந்த மனிதருக்கு முழங்கால் வலி. சான் மார்க்கோ சதுக்கத்தின் படியில் உட்கார்ந்தார். காவலர் வந்து எழுப்பினார். அங்கே படிகளில் உட்காரக் கூடாது, அபராதமும் உண்டு என்று எங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒரே குழுவில் 25 பேருக்கு மேல் நடத்திச் செல்லக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்று அந்த நகரம் 2024இல் விதி செய்திருக்கிறது. நாங்கள் நாற்பது பேருக்கு மேல். இரண்டு வழிகாட்டிகளும் காதில் மாட்டும் கருவிகளும் வைப்பது ஆடம்பரம் அல்ல, அந்த ஊர் விதியை மீறாமல் இருக்க வழி.

மாலை ஐந்து மணிக்கே கிளம்பச் சொன்னார்கள். ஏழு மணிக்குப் பதுவா பக்கம் இந்திய உணவகத்தில் சாப்பாடு. சைவம் சாப்பிடுபவர்களுக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பகல் கூட்டம் வடிந்து, நகரம் மூச்சு விடத் தொடங்கும் நேரத்தில் ஒரு சாம்பாருக்காக வெனிஸை விட்டுக் கிளம்ப வேண்டுமா? தக்காளியும் பாலாடைக்கட்டியும் மட்டும் போட்ட பீட்சா எந்தத் தெருவிலும் கிடைக்கும்.

நான் கேட்பது ஓர் இரவு. வெனிஸ் தீவிலேயே தங்குவது செலவு என்றால் எதிரே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் தங்க வையுங்கள். ரயில் ஏறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தீவிலுள்ள சாந்தா லூச்சியா நிலையம். 2024 ஏப்ரல் 25இலிருந்து, கூட்டம் மிகுந்த நாட்களில் பகலில் வந்து போகிறவர்களிடம் வெனிஸ் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. மெஸ்த்ரே வெனிஸ் நகராட்சிக்குள் இருப்பதால் அங்கே தங்குபவருக்கு விலக்கு உண்டு, பதுவாவில் தங்குபவருக்கு இல்லை. 1950களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரத்தில் இன்று 50,000 பேர்கூட இல்லை. வந்தோம், படம் எடுத்தோம், போனோம் என்ற கூட்டத்தால் அவர்கள் களைத்துப் போயிருக்கிறார்கள்.

இன்னொரு பகல் கிடைத்தால் முழங்கால் வலிக்காரரையும் பாலம் பாலமாக ஏற்றி இறக்க வேண்டாம். வாப்பரெட்டோ எனும் நீர்ப்பேருந்தில் ஒன்றாம் எண் தடம் பெருங்கால்வாய் முழுக்க இரு கரையும் தொட்டுப் போகிறது. உட்கார்ந்தபடியே அரண்மனை வரிசையைப் பார்க்கலாம். அதே படகு லிடோ தீவு வரை செல்கிறது. இறங்கி ஒரே நேர்ச் சாலையில் கொஞ்சம் நடந்தால் அட்ரியாடிக் கடல், மணல், அலை. கடலோர நகரம் என்று அழைத்துப் போய், எங்களுக்குக் கடலையே காட்டாமல் திருப்பி அழைத்து வந்தீர்கள்.

ரியால்டோவிலிருந்து சில நிமிட நடையில் மலிப்ரான் அரங்கின் பின்பக்கம் ஒரு சிறு முற்றம் இருக்கிறது. மார்க்கோ போலோவின் வீடு இருந்த இடம் அது. சுவரில் பலகை பதித்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்து, முத்துக்குளிப்பைப் பற்றியும், ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்து நின்ற காயல் துறையைப் பற்றியும் சொல்லிவைத்தவர் அவர். எங்களோடு தூத்துக்குடிக்காரர்கள் வந்திருந்தார்கள். அந்தத் துறை இருந்த, தாமிரபரணி முகத்துவாரத்துப் பழையகாயல் அவர்களுக்குப் பக்கத்து ஊர். அந்த முற்றத்தில் அவர்களை ஐந்து நிமிடம் நிறுத்தியிருந்தால், ஊருக்குத் திரும்பி எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பார்கள்! நுழைவுச் சீட்டு எதுவும் தேவையில்லாத இடம்.

நாட்களுக்கு எங்கே போவது என்பீர்கள். ஏழு நாடு, எட்டு நாடு என்ற எண்ணிக்கையில் ஒன்றைக் குறையுங்கள். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கடக்கும் ஒரு தலைநகரை விட்டுவிட்டால் இந்த இரவு கிடைத்துவிடும். எண்ணிக்கையைப் பார்த்துத்தான் மக்கள் பணம் கட்டுகிறார்கள் என்று சொல்லாதீர்கள். வேறு விதமான திட்டத்தை அவர்கள் முன் நீங்கள் வைத்ததே இல்லை.

அடுத்த கோடைத் திட்டத்தை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் வெனிஸ் என்ற பெயருக்கு எதிரே நான்கு விவரங்களைச் சேருங்கள்: இரவு தங்கும் ஊர், தீவில் இருக்கும் மணி நேரம், உள்ளே சென்று பார்க்கும் இடங்கள், தனியாகப் பணம் கட்ட வேண்டியவை. பணம் கட்டுவதற்கு முன்பே இவை எங்கள் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்களோடு பயணம் செய்த ஒருத்தி