ஆதிமூலத்தின் கோடுகள் கிருஷ்ணகிரிக்கும் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் எல்லா வகை வேலைகளையும் ஒன்றாகத் திரட்டி எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்காட்சி வைக்க வேண்டும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல யோசனை. ஆனால் அவர் போட்ட பட்டியலில் எண்ணெய் வண்ண ஓவியங்கள் முதலில் வருகின்றன; பத்திரிகைப் படங்களும் தலைப்பு எழுத்துகளும் கடைசியில் 'இதர' என்று ஒதுங்கி நிற்கின்றன. அந்த 'இதர'தான் எனக்கு உறுத்துகிறது.

எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு ஆதிமூலம் வந்து சேர்ந்ததே அச்சு வழியாகத்தான். 1969 காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள், கி. ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் கரிசல் மண்ணைப் பற்றி எழுதிய தொடருக்குப் போட்ட படங்கள், சிற்றிதழ் அட்டைகள் என்று வீட்டுக்கே வந்தார். அவருடைய பெரிய வண்ண ஓவியங்களைப் பார்க்கத்தான் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது.

வண்ண ஓவியத்தை அச்சில் பார்த்தால் அது நகல்தான். அளவு சுருங்கிவிடும், கத்தியால் இழுத்த வண்ணத்தின் தடிமன் போய்விடும். பத்திரிகைக்கென்று இந்தியன் இங்க்கில் போட்ட கோடு அப்படியல்ல. மட்டமான காகிதத்தில் மை கசியும், அச்சடிக்கும் பிளாக்கில் மெல்லிய கோடு காணாமல் போகும் என்பதெல்லாம் தெரிந்துதான் ஓவியர் பேனாவை எடுக்கிறார். ஆக, பழுத்துப்போன அந்த இதழ்ப் பக்கமே அசல். நான் பார்த்த ஒரு கண்காட்சியில் (யாருடையது, எங்கே என்பதெல்லாம் வேண்டாம்) இப்படிப்பட்ட பக்கங்களைக் கண்ணாடி மேசைக்குள் அடுக்கிப் படிக்கட்டு ஓரம் தள்ளியிருந்தார்கள். குனிந்து பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர். துணிக்கான டிசைன்கள் அங்கே அன்றாட வேலை. பர்கூர் ஜவுளிக் கடைகளில் புடவைகளைப் புரட்டிப் பழகியவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லி, அப்புறம் அவருடைய அரூப ஓவியத்தை, அதாவது உருவம் எதுவும் இல்லாமல் வண்ணங்களாலேயே ஆன ஓவியத்தை, காட்டுங்கள். 'மாடர்ன் ஆர்ட் எங்களுக்குப் புரியாது' என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

அதனால் என் கோரிக்கை: கண்காட்சியின் ஒரு பகுதியாவது கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கு வரட்டும். அங்கே இருக்கும் எங்கள் பக்கத்து நடுகற்களை, மாண்ட வீரர்களின் நினைவாக நட்ட கற்களை, பாருங்கள். வில்லும் வாளுமாக வீரன், அவனைச் சுற்றி வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து. உருவமும் எழுத்தும் ஒரே கல்லில். ஆதிமூலம் போட்ட புத்தகத் தலைப்புகளும் உளியால் வெட்டியது போல முனை முறிந்து, தடித்து நிற்பவைதான். நடுகல்லுக்குப் பக்கத்திலேயே அந்தத் தலைப்புகளையும் மாட்டி வைத்தால் விளக்க அட்டையே தேவைப்படாது. எங்கள் மாவட்டத்து மல்லபாடியில் பாறை மேல் பழங்காலத்தில் வெள்ளை வண்ணத்தில் தீட்டிய குதிரை வீரர்களின் புகைப்படம் ஒன்றையும், ஆதிமூலம் ராஜாக்களை வரைந்த கோட்டோவிய வரிசையோடு சேர்க்கலாம். இதை எழும்பூரில் செய்வதைவிட இங்கே செய்வதுதான் பொருத்தம்.

செலவு அதிகம் ஆகாது. எண்ணெய் ஓவியத்துக்குத்தான் இன்சூரன்ஸ், லாரி, காவல் எல்லாம். காகிதத்துக்கு முக்கியமானது வெளிச்சத்தைக் குறைப்பது. 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும் என்பது அருங்காட்சியகக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு. டியூப் லைட்டை மட்டும் அதன் தலைக்கு மேலே எரியவிட வேண்டாம். சித்திரை வெயிலும் வேண்டாம், தை மாதம் சரியாக இருக்கும். எங்கள் ஊரில் கண்காட்சி என்றாலே மாங்கனிக் கண்காட்சிதான், ராட்டினமும் மிளகாய் பஜ்ஜியுமாகக் கூட்டம் அள்ளும். அதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே அருங்காட்சியகம் நிறைந்துவிடும்.

பழைய இதழ்கள் வைத்திருப்பவர்கள் எடைக்குப் போட்டுவிடாமல் இரவல் தரும்படி உங்கள் பத்திரிகை ஓர் அறிவிப்பு வெளியிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். என்னிடமும் பைண்டு செய்த தொகுப்புகள் சில இருக்கின்றன. தருகிறேன், ரசீது மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.