வகுப்பறையில் தெரியும் எல்லைநிலை ஆளுமைக் கூறுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உணர்ச்சிகளும் உறவுகளும் தன்னைப் பற்றிய எண்ணமும் நிலையின்றி ஊசலாடும் மனநலச் சிக்கலான எல்லைநிலை ஆளுமைக் கோளாறு (borderline personality disorder) குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, அது பெரியவர்களுக்கே உரியது, பள்ளிப் பிள்ளைகளிடம் அதைத் தேடுவதே தவறு என்று முடிந்திருந்தது. இதை என்னால் ஏற்க இயலவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளைக் கண்டறிவதற்கான கையேட்டின் ஐந்தாம் பதிப்பு (DSM-5), அறிகுறிகள் ஓராண்டுக்குக் குறையாமல் நீடித்தால் 18 வயதுக்கு உட்பட்டோரிடமும் இக்கோளாறை உறுதிசெய்ய இடமளிக்கிறது. அதற்கும் முன்பே, 2005இல், அமெரிக்க உளவியலாளர் நிக்கி கிரிக் தலைமையிலான ஆய்வாளர்கள் நான்காம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளிடம் இக்கோளாறின் கூறுகளை ஆராய்ந்து, ஒரே தோழியைத் தனக்கு மட்டும் சொந்தமாக்கிக்கொள்ளத் துடிப்பது, உறவையே ஆயுதமாக்கிப் பிறரை நோகடிப்பது போன்றவற்றோடு அவற்றுக்குள்ள தொடர்பைக் காட்டியிருக்கிறார்கள்.

வகுப்பில் இது எப்படித் தெரியும்? நேற்றுவரை "நீ இல்லாமல் எனக்கு யாருமில்லை" என்றிருந்த சிறுமி, தோழி வேறொருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள் என்பதற்காக இன்று தன் நோட்டையே கிழித்தெறிகிறாள்; அந்தத் தோழியோடு யாரும் பேசக் கூடாதென்று மற்றவர்களையும் காய் விடச் செய்கிறாள்; மாலைக்குள் மன்னிப்புக் கேட்டு அழுகிறாள். எல்லாப் பிள்ளைகளும் காய் விடுவதுண்டு, அது நோயன்று. ஆனால் இதே சுழற்சி மாதக்கணக்கில், தோழி மாறியும் ஓயாமல், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்குப் போகுமானால், "கவனத்தை ஈர்க்க நடிக்கிறாள்" என்று ஆசிரியர் அறையில் தீர்ப்பு எழுதிவிடுவது பெருங்கேடு. பிறவியிலேயே உணர்ச்சி மிகுந்த பிள்ளையின் வேதனையைச் சுற்றியிருப்போர் பொய்யென்று தள்ளிக்கொண்டே இருப்பதுதான் இக்கோளாறை வளர்க்கிறது என்பது, இதற்கான சிகிச்சைமுறையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெகனின் விளக்கம். நாமோ அதைத்தான் ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் செய்துகொண்டிருக்கிறோம்.

கோளாறின் பெயரைச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே. ஆசிரியருக்கு அந்த வேலை வேண்டாம். ஆனால் ஓராண்டு நீடித்ததா என்று மருத்துவர் கேட்கும்போது பதில் சொல்ல யாரும் இருப்பதில்லை, ஏனெனில் வகுப்பாசிரியர் ஆண்டுதோறும் மாறிவிடுகிறார். என்ன நடந்தது, எதைத் தொடர்ந்து நடந்தது, எவ்வளவு நேரத்தில் தணிந்தது என்பதைத் தேதியிட்டு எழுதி, பட்டப்பெயர் எதுவும் சூட்டாமல், பள்ளி ஆலோசகர் வழியாக அடுத்த ஆண்டுக்கும் கொண்டுசெல்லும் வழக்கம் பள்ளிகளில் வர வேண்டும். அது பற்றியும் தங்கள் இதழ் எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆசிரியப் பணியிலுள்ள ஒரு வாசகர்