எபேசுவில் ஒரு மகன் கட்டிய நூலகம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் சுகமாய் ஊர் வந்து சேர்ந்தேன். போனில் பேசினால் பேரப்பிள்ளைகள் நடுவில் வந்துவிடுகிறார்கள், எபேசுவைப் பற்றி முழுசாகச் சொல்லவே முடியவில்லை. ஈஸ்டர் லீவில் நீங்களும் போகப்போவதாகச் சொன்னாயே, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

துருக்கியில் இஸ்மிரில் இருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் செல்சுக் என்று ஒரு சின்ன ஊர். அதை ஒட்டித்தான் எபேசு. வழிகாட்டியாக வந்தது ஒரு துருக்கிப் பெண், உன் வயதுதான் இருக்கும். எல்லாருக்கும் காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்துவிட்டாள். முன்னால் நடந்துகொண்டே அவள் மெதுவாகப் பேசினாலும் கடைசியில் வருகிற எனக்குத் தெளிவாகக் கேட்டது. மேல்வாசலில் இறக்கிவிட்டு, பஸ் கீழ்வாசலில் போய் நிற்கும். வழி முழுக்க இறக்கம். நீங்களும் அப்படியே போங்கள், கீழேயிருந்து ஏறாதீர்கள். தெரு முழுக்கப் பளிங்கு, வழுக்கும். பிள்ளைகளுக்கு நல்ல பிடிப்பான ஷூ போட்டுவிடு. நிழல் கிடையாது, தண்ணீர் கையில் இருக்கட்டும்.

முதலில் கிரேக்கப் பட்டணம், அப்புறம் ரோமர்களின் ஆசியா மாகாணத்துக்குத் தலைநகரம். இன்று நிற்பவற்றில் பெரும்பகுதி ரோமர் காலத்தது. தனியாகப் போயிருந்தால் எனக்கு எல்லாம் கல்லாகத்தான் தெரிந்திருக்கும். இது கிரேக்க எழுத்து, இது லத்தீன், இந்த மண் குழாயில்தான் தண்ணீர் வந்தது என்று அந்தப் பெண் காட்டக் காட்டத்தான் மனிதர்கள் வாழ்ந்த ஊர் என்று மனதில் பட்டது. சரிவில் அடுக்கடுக்காகக் கட்டிய பணக்கார வீடுகளைப் பெரிய கூரை போட்டுப் பாதுகாக்கிறார்கள். அதற்குத் தனி டிக்கெட். எங்களோடு வந்தவர்களில் பாதிப் பேர் வேண்டாம் என்று வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நீ அப்படிச் செய்யாதே. சுவர் ஓவியங்களையும் தரையில் பொடிக்கல் பதித்துச் செய்த சித்திரங்களையும் வேறு எங்கே அவ்வளவு பக்கத்தில் பார்க்கப் போகிறோம்?

நான் பார்க்க ஆசைப்பட்டது அரங்கசாலையைத்தான். சுமார் 25,000 பேர் உட்காரலாம். பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில், "எபேசியருடைய தியானாளே பெரியவள்" என்று ஜனங்கள் இரண்டு மணி நேரம் கத்தினார்களே, அந்த இடம். தெமேத்திரியு என்கிற தட்டான் தியானாள் என்கிற அந்தத் தேவியின் கோவிலைச் சின்னச் சின்னதாக வெள்ளியில் செய்து விற்றவன். பவுலின் பிரசங்கத்தால் தொழில் போய்விடும் என்று மற்றத் தொழிலாளிகளைக் கூட்டினான். இத்தனை வருஷமாகப் பவுல் பக்கம் நின்றே இதை வாசித்திருக்கிறேன். அந்தப் படிகளில் உட்கார்ந்திருந்தபோது தட்டான்களின் பயமும் எனக்குப் புரிந்தது. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்திருக்கும், அடுப்பு எரிய வேண்டும்.

அரங்கசாலையிலிருந்து அகலமான ஒரு தெரு துறைமுகத்துக்கு நேராகப் போகிறது. இரவில் விளக்கு எரிந்த தெருவாம் அது. ஆனால் அதன் முனையில் இன்று கடல் இல்லை, வெறும் புதரும் நாணலும்தான். ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்து, கடலைக் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிவிட்டது. கப்பல் வராமல் போக, வியாபாரமும் போய், ஊரும் சுருங்கிப்போனது. நம்ம கொற்கைக்குத் தாமிரபரணி செய்ததும் இதுதானே. ஏரல் பக்கம் போகும்போதெல்லாம் அப்பா சொல்வாரே, பாண்டியனுடைய முத்துத் துறைமுகம் இங்கேதான் இருந்தது என்று. அவர் இருந்திருந்தால் அந்தத் தெரு முனையை விட்டு நகர்ந்திருக்க மாட்டார்.

தியானாள் கோவில், அதாவது ஆர்தெமிஸ் கோவில், கொஞ்சம் தள்ளி இருக்கிறது. பழங்கால உலக அதிசயம் ஏழில் ஒன்று. 127 தூண்கள் இருந்ததாகப் பிளினி என்கிற பழைய ரோம எழுத்தாளர் எழுதியிருக்கிறார். இன்று ஈர நிலத்தில் ஒரே ஒரு தூண், அதுவும் கிடைத்த துண்டுகளை அடுக்கி நிறுத்தியது. மேலே நாரை கூடு கட்டியிருந்தது, பிள்ளைகளுக்குக் காட்டு. கி.மு. 356இல், தன் பெயர் உலகத்தில் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே ஒருவன் இந்தக் கோவிலுக்குத் தீ வைத்தான். அவன் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்று ஊரார் தடை போட்டார்கள். நானும் எழுதப்போவதில்லை. மறுபடி கட்டிய கோவிலும் பிற்காலத்தில் அழிந்து மண்ணுக்குள் போய்விட்டது. ஜான் டர்ட்டில் வுட் என்கிற ஆங்கிலேயர் 1863இல் தேடத் தொடங்கி, 1869 கடைசியில்தான் கண்டுபிடித்தாராம். அந்தப் பொறுமையை நினைத்து அதிசயப்பட்டேன்.

இனி நூலகம். நடக்கிற வழியில் அது முன்னாலேயே வந்துவிடும், நான்தான் கடைசியில் எழுதுகிறேன். செல்சுஸ் என்பவர் ரோமில் கி.பி. 92இல் கான்சல் என்கிற உயர்ந்த பதவி வகித்தவர், பிறகு ஆசியா மாகாணத்துக்கு ஆளுநராக இருந்தவர். அவர் நினைவாக மகன் அக்விலா கட்டியது. ஊருக்குள் யாரையும் அடக்கம் பண்ணுகிற வழக்கம் அங்கே இல்லை. ஆனால் இவருக்கு ஊருக்குள்ளேயே இடம் கொடுக்கிற மரியாதை செய்து, நூலகத்துக்கு அடியிலேயே கல்லறை வைத்தார்கள். மேலே சுமார் 12,000 சுருள்கள் இருந்திருக்கும் என்கிறார்கள். சுருள்களில் ஈரம் தாக்காதபடி இரட்டைச் சுவர். முகப்பில் ஞானம், அறிவு, விவேகம், நற்குணம் என்று நான்கு பெண் சிலைகள். மூலச்சிலைகள் வியன்னாவில் இருக்கின்றன, இங்கே இருப்பவை நகல். நிலநடுக்கத்தில் விழுந்து கிடந்த முகப்பை 1970களில் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் கல் கல்லாக எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

வழிகாட்டிப் பெண் சொன்னதில் எனக்கு நெஞ்சில் நின்றது வேறு. கட்டி முடிப்பதற்குள் அக்விலாவே இறந்துபோனார், வாரிசுகள்தான் முடித்தார்கள். புத்தகம் வாங்கவும் பராமரிப்புக்கும் என்று அவர் 25,000 தெனாரி, அதாவது ரோம வெள்ளிக்காசு, எழுதி வைத்திருந்தார். அப்பா பெயரைக் கல்லில் வெட்டியதோடு நிற்காமல், தனக்குப் பிறகும் அங்கே புத்தகம் வரட்டும் என்று பணமும் விட்டுப்போன மகன்!

அப்பா கல்லறையைக் கிரானைட்டில் கட்ட வேண்டும், எவ்வளவு ஆனாலும் நான் அனுப்புகிறேன் என்று நீ சொன்னாய். உன் அன்பு எனக்குத் தெரியும். கல்லறை இப்போதே சுத்தமாக, அழகாக இருக்கிறது. அந்தப் பணத்தை அப்பா பெயரில் வங்கியில் வைப்பாகப் போட்டு, வருகிற வட்டியில் வருஷா வருஷம் நம்ம ஊர் கிளை நூலகத்துக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம் என்பது என் விருப்பம். அவர் தினமும் காலையில் பேப்பர் படித்த இடம், புரவலராகவும் சேர்ந்திருந்தார். இப்போது அங்கே டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். பழைய பதிப்புகளை வைத்துத் திண்டாடுகிறார்கள், நானே பார்த்தேன்.

நூலகரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். புத்தகத்தோடு ஒரு இரும்பு அலமாரியும் தேவை என்றார். நீ மாப்பிள்ளையிடம் கலந்து பேசிவிட்டு எனக்குச் சொல். அண்ணனுக்கும் இதையே எழுதியிருக்கிறேன். இரண்டு பேரும் சரி என்றால், அப்பாவின் நினைவு நாளுக்கு முன்னாலேயே முதல் கட்டுப் புத்தகத்தைக் கொடுத்துவிடலாம். என்னென்ன புத்தகம் என்று நீயும் ஒரு பட்டியல் எழுதி அனுப்பு. அப்பாவுக்கு வரலாறு பிடிக்கும், அதில் இரண்டு மூன்றாவது இருக்கட்டும்.

பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அன்புடன்,
அம்மா