பேர் வாங்கிய மிளகாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கிறேன். தினமும்தான் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "சாப்பிட்டியா?" என்பாய், நான் "ஆச்சு" என்பேன். நான் கேட்டால் நீயும் "ஆச்சு" என்பாய். மூன்று வருஷமாக ரெண்டு பேரும் பொய்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன். பாப்பாவை உட்கார வைத்து முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேள்.

முதலில் என் பொய். இங்கே சிங்கப்பூரில் கேட்டரிங் சாப்பாடு விடியுமுன்னே எங்கள் டார்மிட்டரிக்கு வந்துவிடும். காலைக்கு ஒரு பொட்டலம், மத்தியானத்துக்கு ஒன்று, ரெண்டும் சேர்ந்தே வரும். அதைத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறிவிடுவோம். மத்தியானச் சோறு பன்னிரண்டு மணி வரை சைட்டில் சூட்டிலேயே கிடக்கும். பிரித்தால் பாதி நாள் புளித்த வாடை அடிக்கும். அப்படியே குப்பைக்குப் போகும். காலைப் பொட்டலமோ அந்த நேரத்துக்குத் தொண்டையில் இறங்காது, ஒரு காபியோடு சரி. ராத்திரி எட்டு மணிக்கு ரூமுக்கு வந்து, ரெண்டு வேளைக்கும் சேர்த்துத் தின்றுவிட்டு அப்படியே சாய்வேன். நெஞ்செல்லாம் எரியும். பட்டினி கிடந்தால் இளைப்பேன் என்று பார்த்தால், அம்மா, தொப்பைதான் போட்டது.

போன மாசம் ஒரு நாள், பதினோரு மணி இருக்கும், கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். கொக்கி கையில் நிற்கவில்லை. விரல் நடுங்கியது, சட்டைக்குள் சில்லென்று வேர்வை, காது அடைத்துக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேலூர்க்கார அண்ணன் ஒருவர்தான் பிடித்து நிழலில் உட்கார வைத்து மைலோ வாங்கிக் கொடுத்தார். பயப்படாதே, இப்போது ஒன்றுமில்லை.

கிளினிக்கில் விரலைக் குத்திப் பார்த்தார்கள், சுகர் சரியாகத்தான் இருந்தது. ஒரு வேளை சாப்பிடாவிட்டாலும் ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை எடுத்துக் கொடுத்துச் சமாளிக்குமாம். வெயில், வேர்வை, வெறும் வயிறு மூன்றும் சேர்ந்து என்னைச் சாய்த்துவிட்டது என்றார் டாக்டர். இடுப்பு வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடுகிறேன் என்று சொன்னதற்குத்தான் நல்ல திட்டு. சாப்பிடாமல் கிடந்தால் அல்சர் வரும் என்று நம் ஊரில் சொல்வோமே, அல்சருக்கு முக்கியக் காரணம் ஒரு கிருமியும் இந்த மாதிரி வலி மாத்திரைகளும்தானாம். உன் முட்டி வலி மாத்திரையும் அந்த ரகமாக இருக்கலாம்.

அப்புறம், "வீட்டில் யாருக்காவது சுகர் இருக்கா?" என்று கேட்டார். அம்மாவுக்கு என்றேன். "உன் உடம்பு சமாளிச்சிருச்சு. சுகர் மாத்திரை போடுறவங்களுக்கு அப்படி விட முடியாது" என்றார். எனக்கு உடனே தை வெள்ளிக்கிழமைதான் ஞாபகம் வந்தது.

விரதம் என்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு பூக்கட்ட உட்கார்ந்தாயே, அந்த நாள். நார் கையில் நிற்கவில்லை, வேர்த்துக் கொட்டியது, பாப்பாவை என் பேர் சொல்லிக் கூப்பிட்டாய் என்று அக்கா சொன்னாள். கண்ணு பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். அதற்கு முன்னால் யாரோ ஒரு டம்ளர் பானகம் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் நீ தெளிந்துவிட்டாய். பேர் என்னவோ மிளகாய்க்குத்தான் கிடைத்தது.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சுகர் மாத்திரை எல்லாம் ஒன்றில்லை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சுகர் ரொம்ப இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகள், நீ சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். உள்ளே சோறு இல்லையென்றால் சுகர் 70-க்குக் கீழே போகும். நடுக்கம், வேர்வை, படபடப்பு, ஆள் தெரியாமல் பேசுவது எல்லாம் அதனால் வரும். அப்படி வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. சரியானதும் வயிற்றுக்கு ஏதாவது. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-க்குப் போன் பண்ண வேண்டும். இதை அக்காவிடம் ரெண்டு தடவை படித்துக் காட்டச் சொல்.

உன் சங்கடமும் எனக்குத் தெரியும். மொட்டு வந்து இறங்கிவிட்டால், அது வாய் திறப்பதற்குள் கட்டிக் கொடுக்க வேண்டும். அப்புறம் எல்லாருக்கும் போட்டுவிட்டு, சட்டியில் மிஞ்சியதை மூணு மணிக்கு வழித்துத் தின்பாய். நானும் அதைப் பார்த்து வளர்ந்தவன்தான். பூக்காரர் வருவதற்கு முன்னால் ரெண்டு இட்லியோ ஒரு கும்பா கேப்பைக் கூழோ உள்ளே போகட்டும், மாத்திரை அதோடு. விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள், நீயாக நிறுத்திவிடாதே.

நானும் இப்போது முதல் நாள் ராத்திரியே ரெண்டு முட்டையை அவித்து, பன்னோடு பையில் வைத்துவிடுகிறேன். பத்து மணி டீயோடு அது.

கவர்மென்ட்டின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கு வந்து கொடுக்கிறார்களே, அந்த மாத்திரை அட்டையை முன்னும் பின்னும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். முட்டி வலி மாத்திரையையும் சேர்த்து. பேர் தெரிந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

உன் மகன்