தோள்பட்டையை நீவி விடாதே, கண்ணு

அன்பு மகளுக்கு,

நேற்று வீடியோ காலில் இடது கையால் தலை சீவிக்கொண்டே "சும்மா சுளுக்குதாம்மா" என்றாய். நீ வலது கைக்காரி. சைக்கிளிலிருந்து விழும்போது கையை ஊன்றிவிட்டேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

நீ தொடக்கப்பள்ளியில் படித்தபோது எனக்குத் தோள் பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா? நம் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டு அடுக்களை ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழி. அன்று அதில் இரண்டு ஈரப் போர்வைகள். கையை நீட்டி, கழியின் முனையை வெளிச்சுவரில் அதைத் தாங்கும் குழாய்க்குள் இறக்குவதற்குள் தோளில் சுருக்கென்றது. தசை இழுபட்டுவிட்டது. அந்த ஒரு நாள் பாரம் மட்டுமில்லை, வருஷக்கணக்காக அப்படிக் கையைத் தூக்கித் தூக்கி வேலை செய்ததும் சேர்ந்துதான். சூடாக எண்ணெய் தேய்த்து அப்பாவை அழுத்தி நீவச் சொன்னேன். மறுநாள் வீக்கம் இன்னும் ஏறியது. மேல்தட்டில் ஒரு டம்ளர்கூட எடுத்து வைக்க முடியவில்லை.

உனக்கு நடந்தது வேறு. விழுந்த வேகத்தில், எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருக்கும் தசைநார் இழுபட்டிருக்கலாம், கிழிந்தும் இருக்கலாம். தோள் மூட்டின் குழி ஆழமில்லாதது. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது; அதனால்தான் சுலபமாக நழுவியும் விடுகிறது. வலி, வீக்கம், ரத்தம் கட்டிய நீலம், கை பலமில்லாமல் போவது, எல்லாம் தசை இழுபட்டாலும் வரும், தசைநார் இழுபட்டாலும் வரும். எலும்பு முறிந்தாலும் இதே மாதிரி இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து நாமாக முடிவு செய்ய முடியாது.

ஐஸைத் துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 15 நிமிடம், நாளைக்கு நாலைந்து முறை வை. முதல் இரண்டு நாள் சூடு வேண்டாம், தைலம் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். தோளின் வடிவம் மாறித் தெரிந்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, கையைத் தூக்கவே முடியாவிட்டாலோ உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போ. அப்படி இல்லாவிட்டாலும் நாளைக்கே டாக்டரைப் பார்த்துவிடு.

அப்புறம், வலிக்குப் பயந்து கையை வாரக்கணக்கில் அசைக்காமலே வைத்திருக்காதே, மூட்டு இறுகிவிடும். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) எனக்குச் சொல்லிக்கொடுத்தது, சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக மேலே நடத்திக்கொண்டு போவது. உனக்கு எப்போது தொடங்கலாம் என்று நீ பார்க்கும் டாக்டரிடம் கேட்டுக்கொள்.

பார்த்துவிட்டு வந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடு. ராத்திரி எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா