பெடலில் வைத்த கால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மின்சைக்கிளில் இருப்பது டோங்ஷெங் டிஎஸ்டிஇசட்2 மோட்டார். போன மாதம் அதை இயக்கும் கன்ட்ரோலரில், யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் இருக்கும் மென்பொருள்) ஏற்றினேன். ஸ்பீடு சென்சார் வயர் வழியாக சிப்பில் மென்பொருள் எழுதும் எஸ்டி-லிங்க் கருவியைக் கோத்து எழுத பத்து நிமிடம்தான். பிறகு மூன்று நாள் தூக்கம் போனது. ஒரு நாள் நன்றாக இழுத்த மோட்டார், மறுநாள் அசையவே இல்லை. வயரை மாற்றினேன், சக்கரத்துக் காந்தத்தை நகர்த்திப் பார்த்தேன். கடைசியில் பேத்திதான் சொன்னாள்: "தாத்தா, ஆன் பண்ணும்போதே பெடல்ல காலை வச்சிருக்கீங்க." அதுதான் வினை! சுவிட்ச் போட்ட நொடியில் பெடலில் என்ன அழுத்தம் இருக்கிறதோ, அதையே மோட்டாரின் அழுத்த சென்சார் பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது; பிறகு மிதித்தாலும் அழுத்தம் இல்லை என்றே நினைத்து மோட்டார் சும்மா இருந்துவிடுகிறது.

என் குறை வேறு. பழைய ஃபர்ம்வேரைப் படித்து எடுத்துவைக்க முடியாதபடி சிப்பைப் பூட்டியிருக்கிறார்கள். புதியது எழுதினால் அது அழிந்தே போகும். விற்ற கடைக்காரர் கையை விரிக்கிறார். காசு கொடுத்து வாங்கியவனுக்கு அந்தப் பழைய ஃபர்ம்வேர் கோப்பைத் தந்தால் என்ன? தந்தால் வாங்கியவர்கள் வேகத்தைக் கூட்டிவிடுவார்களாம். 250 வாட், மணிக்கு 25 கி.மீ. என்ற வரம்பைத் தாண்டினால் வண்டியைப் பதிய வேண்டும் என்று எனக்கும் தெரியும். அந்த எண்ணை நான் தொடவே இல்லை. சிறுமலை அடிவாரத்து ஏற்றத்தில் முட்டி வலிக்காமல் மிதிக்கத்தான் இத்தனை பாடு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர்,
திண்டுக்கல்.