வீட்டை விற்றுத்தான் கேம் செய்ய வேண்டுமா? தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தகவல் ஒலிபரப்பு அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2020 ஆகஸ்ட் 30 அன்று 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமர் பொம்மைகளைப் பற்றிப் பேசினார். அப்படியே கம்ப்யூட்டர் கேம்களுக்கும் வந்தார். நம் நாட்டுக் கதைகளை வைத்து, நம் இளைஞர்கள் இங்கேயே கேம் செய்ய வேண்டும் என்றார். நல்ல பேச்சுதான். ஆனால் அப்படி ஒரு கேம் அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே, ஆகஸ்ட் 18 அன்று, நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவியில் வெளியாகிவிட்டது. 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' என்று பெயர். செய்தவர்கள் புனேயில் உள்ள நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறிய ஸ்டூடியோக்காரர்கள். அவர்கள் அதை எப்படிச் செய்து முடித்தார்கள் என்பது உங்கள் கோப்புகளில் இருக்க வேண்டிய கதை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்ருதி கோஷ், அவிச்சல் சிங், இயன் மாட் மூவரும் 2017இல் தொடங்கிய நிறுவனம் அது. கையில் ஆடிப் பார்க்க ஒரு டெமோ (மாதிரித் துண்டு), மனத்தில் ஒரு கதை. பணம் திரட்ட அதே ஆண்டு கிக்ஸ்டார்ட்டருக்குப் போனார்கள், இணையத்தில் பொதுமக்களிடம் நிதி கேட்கும் தளம் அது. அங்கே கேட்ட தொகை கெடுவுக்குள் முழுதாகச் சேர்ந்தால்தான் கைக்கு வரும். கொஞ்சம் குறைந்தாலும், தருகிறேன் என்றவர்களிடமிருந்து பணம் எடுக்கப்படவே மாட்டாது. ராஜிக்குச் சேரவில்லை. தருகிறேன் என்றவர்கள் இருந்தார்கள், பணம்தான் ஒரு பைசாகூட வரவில்லை. அதன் பிறகு ஸ்டூடியோவை மூடாமல் ஓட்ட அவிச்சல் சிங் தன் வீட்டை விற்றார். சூப்பர்.காம் என்ற வெளியீட்டாளரின் துணையோடு கேம் வெளிவந்தது. 2020 அக்டோபரில் கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸுக்கும் வந்தது. 'தி கேம் அவார்ட்ஸ்' என்ற சர்வதேச விருது விழாவில் சிறந்த அறிமுக கேம் பரிந்துரைப் பட்டியலில் இடம்பிடித்தது. பரிசு 'பாஸ்மோபோபியா' என்ற கேமுக்குப் போனது, அது வேறு விஷயம்.

நீங்கள் விளையாடியிருக்க மாட்டீர்கள் என்ற எண்ணத்தில் கொஞ்சம் சொல்கிறேன். ராஜி ஒரு சர்க்கஸ்காரப் பெண். அசுரர்கள் தூக்கிப்போன தம்பி கோலுவைத் தேடிக் கிளம்புகிறாள். துர்கை தரும் திரிசூலம், விஷ்ணு தரும் வில். சண்டையில் தூணைப் பிடித்துச் சுழன்று, அந்த வேகத்திலேயே எதிரிமேல் பாய்வாள். அது கத்தி வீசும் சண்டைக்காரியின் அசைவு அல்ல, கழைக்கூத்தாடும் பெண்ணின் அசைவு. நடுநடுவே வட்ட வட்டமான மண்டலப் படங்கள் வரும். வளையங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சரியாகப் பொருத்தினால் சிதறிக் கிடந்த ஓவியம் கூடிவந்து அவள் கடந்தகாலத்தைச் சொல்லும். கதைக் காட்சிகள் நிழற்பாவை பாணியில். நம்மூர்த் தோல்பாவைக்கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் தனி ருசி உண்டு. (இசை ஒரு கிரேக்கருடையது, லினோஸ் ட்ஸெலோஸ். சொன்னால்தான் தெரியும்.) குறையில்லாமல் இல்லை. ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதிலும் கதை சட்டென்று அந்தரத்தில் நிற்கும். இன்னும் கொஞ்சம் பணம் இருந்திருந்தால் என்று விளையாடும் யாருக்கும் தோன்றும்.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 2022 பட்ஜெட்டில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் துறைக்குப் பணிக்குழு அறிவித்தீர்கள். 2024 செப்டம்பரில் மும்பையில் இதே துறைக்கான தேசியச் சிறப்பு மையத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 மே மாதம் அதே மும்பையில் ஊடக, பொழுதுபோக்குத் துறைக்கான வேவ்ஸ் மாநாடு. ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தனியாகப் பிரித்துத் தடை செய்தது. இந்தக் கடைசி விஷயத்துக்கு நன்றி. கேம் வேலை பார்க்கிறேன் என்றால் "ரம்மியா?" என்று கேட்கும் சித்தப்பாக்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

மையம், மாநாடு, பயிற்சி எல்லாம் சரி. பயிற்சி முடித்தவர் எங்கே போவார்? நான் இருக்கும் இடத்துக்கு வருவார். சென்னையில் உட்கார்ந்து வெளிநாட்டு கேம்களுக்கு மரம், மதில், பீப்பாய் என்று 3டி மாடல் செய்து அனுப்புவது என் வேலை. மோசமான வேலை என்று சொல்லமாட்டேன். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. ஆனால் அந்த மதிலுக்குப் பின்னால் யார் வாழ்கிறார்கள் என்பதை எங்கோ வேறொருவர் முடிவு செய்திருப்பார். சொந்தமாக ஒன்று செய்யலாம் என்று எங்களில் இருவரோ மூவரோ கிளம்பினால், முதலில் ஆடிக்காட்ட கேமின் ஒரு பகுதி வேண்டும். பத்து நிமிடம் ஓடினால் போதும், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் சண்டை, படம், ஒலி எல்லாம் முடிந்த கேமின் தரத்தில் இருக்க வேண்டும். அது இல்லாமல் எந்த வெளியீட்டாளரும் பேசமாட்டார். அதைச் செய்யப் பல மாதம் ஆகும். வங்கிக்குப் போனால் ஈடு கேட்பார்கள். எழுதி முடிக்காத கேமை யார் ஈடாக எடுத்துக்கொள்வார்கள்? கடைசியில் வீடுதான் மிஞ்சும், அதுவும் இருப்பவர்களுக்கு.

2021இல் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி கொண்டுவந்தார்களே என்பீர்கள். முன்மாதிரி செய்ய 20 லட்சம் ரூபாய் வரை மானியம் தரும் திட்டம்தான், தெரியும். ஆனால் அது தொழில்நுட்ப நிறுவனங்களுக்காகத் தைத்த சட்டை. சந்தை எவ்வளவு பெரிது, எவ்வளவு வேகமாகப் பெருகும் என்றுதான் அங்கே கேட்பார்கள். தம்பியைத் தேடிப்போகும் சர்க்கஸ் பெண்ணைப் பற்றி அந்தக் குழுவிடம் என்ன சொல்வது? கேம் என்பது செயலியைவிட சினிமாவுக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

சினிமாவுக்கு இதை அரசே செய்து காட்டியிருக்கிறது. 1960இல் திரைப்பட நிதிக் கழகம் தொடங்கப்பட்டது. மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' 1969இல் அந்தப் பணத்தில்தான் வந்தது. கழகத்தின் வேலையைத் தொடரும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் இன்றும் உங்கள் அமைச்சகத்தின் கீழேதான் இருக்கிறது. வெளியே பார்க்க வேண்டுமென்றால் ஆஸ்திரேலியா. 2022 ஜூலையிலிருந்து செய்யும் செலவுக்கு, கேம்களுக்கு 30 சதவீத வரிச் சலுகை கொண்டுவந்தார்கள். அதைப் பெற 5 லட்சம் ஆஸ்திரேலிய டாலராவது செலவழித்திருக்க வேண்டும். சின்னவர்களுக்கு அது எட்டாது என்பதால், அந்த வரம்புக்குக் கீழே நிற்கும் கேம்களுக்கு ஸ்கிரீன் ஆஸ்திரேலியா என்ற அரசு அமைப்பு மூலம் தனியாக மானியமும் கொடுத்தார்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். திரைப்பட வளர்ச்சிக் கழகத்தில் கேம்களுக்கென ஒரு சிறு நிதி ஒதுக்குங்கள். மூன்று பேர் சேர்ந்து விண்ணப்பிக்கும்படி இருக்கட்டும். பழைய ஆண்டு வரவுசெலவுக் கணக்கு கேட்காதீர்கள், இருக்காது. நிறுவனத்தில் பங்கு கேட்காதீர்கள். பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால், கேம் செய்து வெளியிட்ட அனுபவமுள்ளவர்கள் அந்த டெமோவைக் கையில் வாங்கி ஆடிப் பார்க்கட்டும். புராணக் கதைக்குத்தான் பணம் என்று நிபந்தனை வைக்காதீர்கள். மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றியோ, டவுன் பஸ் கண்டக்டரைப் பற்றியோ ஒருவர் கேம் செய்ய நினைத்தால் அதுவும் இந்தியக் கதைதான். விண்ணப்பத்தைத் தமிழிலும் எழுத விடுங்கள்.

அடுத்த பட்ஜெட்டுக்கு முன் இதற்கு ஒரு பதில் வந்தால், எந்த மொழியில் வந்தாலும், மகிழ்வேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு 3டி கலைஞர்